நூற்று எண்பதில் நின்ற முள்

ஒரு பெண்மணியின் வேலையை நான் ஒரே வரி எழுதிப் பறித்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிஷினைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய் சமையல்கட்டு மிஷின்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். பாத்திரம் கழுவும் மிஷின் இன்று உங்களுக்குப் பழகிய பொருள். நான் வேலைக்குச் சேர்ந்த ஐம்பதுகளில், சென்னையிலேயே அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். எங்கள் கம்பெனி கப்பலில் வரவழைத்து விற்ற மூன்றில் ஒன்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புக்குள் இருந்த ஒரு காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. ஒரு கமிட்டி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. நான் செங்கல்பட்டுக்காரன் என்பதால், அந்தப் பக்கம் என்ன வேலை இருந்தாலும் மேனேஜர் என்னைத்தான் அனுப்புவார்.

அந்த மிஷின் அங்கே வந்த காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதுவரை நோயாளிகளின் எனாமல் தட்டுகளை நாலு பெண்கள் கையால் கழுவினார்கள். அவர்களில் ஒருத்திக்கு நோய் வந்து, அதே ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் படுத்துவிட்டாள். நோய் தட்டு வழியாக வந்ததா, காற்று வழியாக வந்ததா என்று கேட்டால் இன்றைய டாக்டர்கள் வேறு பதில் சொல்லலாம். அன்று எல்லோரும் தட்டைத்தான் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரு அம்மையார். அதிகம் பேசாதவர். இனி இந்தத் தட்டுகளை ஒருவரும் கையால் தொட்டுத் தேய்க்கக் கூடாது என்று கமிட்டியோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டி மிஷினை வாங்க வைத்தார். அதை ஓட்டும் பொறுப்பை ஞானம்மாவிடம் கொடுத்தார்.

ஞானம்மா கோவளத்து மீன்பிடிக் குடும்பம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வார்டில் படுத்திருந்தவள் அவளுடைய நாத்தனார்.

மிஷின் வந்து எட்டு மாதம் கழித்துப் புகார் வந்தது. தட்டுகள் சுத்தமாக வரவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது, காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. நான் போனேன். மோட்டார் ஓடியது. மிஷின் முன்புறத்தில் கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும், கடைசியாகத் தட்டின் மேல் விழும் வெந்நீரின் சூட்டை அதன் முள் காட்டும். அது நூற்று எண்பது டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. இருக்க வேண்டிய சூடு அதுதான். அடியில் இருந்த சல்லடையை இழுத்துப் பார்த்தேன். சோறு, கறிவேப்பிலை, தேங்காய் நார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஞானம்மா பக்கத்தில் நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பு போல மிஷினில் சூடு இல்லை என்றாள். நான் வட்டத்தைக் காட்டி, சூடெல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள்தான் தட்டைச் சுரண்டாமல் உள்ளே வைக்கிறீர்கள் என்றேன். அவள் மறுபடி ஆரம்பித்தாள். நான் பையை எடுத்துக்கொண்டேன். செங்கல்பட்டு பஸ் நாலு மணிக்கு. அதை விட்டால் அன்று வீட்டுக்குப் போக முடியாது. அறிக்கைத் தாளில், ‘மிஷினில் குறை இல்லை, இயக்குபவரின் கவனக்குறைவே காரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரத்து இடம் கிடைத்தது, நன்றாகத் தூங்கினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வாரத்தில் டாக்டரம்மாவிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது. உங்கள் மெக்கானிக்கின் அறிக்கையைக் கமிட்டி பார்த்தது, அதன்பேரில் ஞானம்மா வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள், இப்போது வேறு இரண்டு பெண்கள் ஒவ்வொரு தட்டையும் சுரண்டித் துடைத்து வைக்கிறார்கள், தட்டுகள் அப்படியேதான் வருகின்றன. வரும் திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் சரியாகவில்லையென்றால் மிஷினை விற்றுவிட்டுப் பழையபடி கையால் கழுவச் சொல்லிவிடுவார்கள்.

மேனேஜர் கடிதத்தை என் முன்னால் போட்டார். போய்ச் சரிசெய், மிஷின் நன்றாக வேலை செய்கிறது என்று அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா என்றார். நான் கடிதத்தின் நடுவரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாளை வைத்து ஒருத்தியை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். சல்லடையில் நார் இருந்தது உண்மை. அதுதான் காரணமா என்று நான் ஒரு தட்டைக்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். இந்த முறை பஸ் நேரத்தை விசாரிக்கவில்லை. மாற்று வேட்டியும் துண்டும் கொண்டு போயிருந்தேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதும் ஓட்டிப் பார், அப்புறம்தான் அடுத்தது. என் முதல் ஃபோர்மேன் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துப்போன விஷயம் அது. அன்று அதைத்தான் பிடித்துக்கொண்டேன். மிஷினை ஓட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் சீராக ஓடாமல் நடுநடுவே களகளவென்று இரைந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே முழங்கை உயரத்துக்கு நுரை. அப்போது ஓடிய மிஷின்களில் நுரையே வரக் கூடாது. நுரை வந்தால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும், தட்டின் மேல் வேகமே இருக்காது.

மிஷினோடு வந்த பவுடர் எங்கே என்று ஸ்டோர் கீப்பரைக் கேட்டேன். அது தீர்ந்து நாலு மாதம் ஆகிவிட்டது, மறுபடி வரவழைக்கக் கேட்டால் கமிட்டியில் சத்தம் போடுவார்கள் என்று பயந்து, துணி துவைக்கும் பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்துக் கொடுத்துவந்ததாக ஒப்புக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. கேட்கப் பயந்தவர், அவ்வளவுதான். சலவைச் சோடா இருக்கிறதா என்றேன். இருந்தது. தொட்டியைக் காலி செய்து, அலசி, சோடாவைப் போட்டு ஓட்டினேன். களகள சத்தம் நின்றது. தட்டுகளில் பாதி சுத்தமாக வந்தன. ஓரத்தில் வைத்தவை அப்படியே இருந்தன.

அடுத்து, சுழன்று தண்ணீர் அடிக்கும் குழாய்க் கைகளைக் கழற்றினேன். முப்பது துளையில் பத்துத்தான் திறந்திருந்தது. மற்றதெல்லாம் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக அடைத்திருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. சமையல்கட்டுப் பெண்கள் புளியைக் கரைத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். அதில் ஊறப்போட்டு, கோணி ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தேன். விரல் நுனியெல்லாம் பொத்துப்போனது. மத்தியானம் மறுபடி மாட்டி ஓட்டினேன். எல்லாத் தட்டும் பளிச்சென்று வந்தன. பிசுக்கு இல்லை, பருக்கை இல்லை.

டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து தட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை கமிட்டிக்கு இது போதும் என்று அவர் முகத்தில் தெரிந்தது. என் கையிலிருந்த தாளை வாங்கிப் பேனாவைத் திறந்தார். இன்னும் ஒரு தட்டைக் காட்டலாம் என்று, அப்போதுதான் நின்ற மிஷினுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தேன். எடுத்து, அவர் பார்க்கட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.

பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. அதில்தான் எனக்கு உறைத்தது. நூற்று எண்பது டிகிரி வெந்நீர் விழுந்த எனாமல் தட்டை வெறுங்கையால் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. வட்டத்தைப் பார்த்தேன். முள் நூற்று எண்பதில் அசையாமல் நின்றது.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த நேரத்தில் என் மனசு என்ன சொன்னது என்பதை மறைக்க மாட்டேன். தட்டு சுத்தமாகத்தானே இருக்கிறது, புகார் அதுதானே, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போ என்றது. ஆனால் அந்தத் தட்டுகளில் சாப்பிட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததைக் கொல்லத்தான் அந்தக் கடைசி வெந்நீர். அது இல்லாமல் நான் கொடுப்பது பளபளவென்ற நோய்த் தட்டு. அழுக்குத் தட்டாவது பார்த்தவுடன் ஒதுக்க வைக்கும்.

“டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க. இது இன்னும் சரியாகல” என்றேன்.

அவர் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். “சுத்தமாத்தானே இருக்கு?”

“சுத்தமா இருக்கு. ஆனா சூடு இல்ல. சரியாகிற வரைக்கும் எல்லாத் தட்டையும் அண்டாவில போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லுங்க.”

அவர் பேனாவை மூடினார். தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அண்டாக்களை அடுப்பில் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும், ஒருவரும் மிஷினைத் தொடுவதற்கு முன் போய்ப் பார்த்தேன். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த மிஷின். உள்ளே தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போல ஜில்லென்று இருந்தது. முள் நூற்று எண்பதில் நின்றது.

ஓடாத மிஷினில் ஒரு தடவை அதைப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிஷ வேலை. ஞானம்மா என் காதருகே சூடு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் செத்துப்போன ஒரு முள்ளைக் காட்டி அவள் வாயை அடைத்திருந்தேன்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து நீளமான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, மிஷினை ஓட்டி, கடைசித் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பதினைந்து. குளிக்கிற வெந்நீர். சூடேற்றும் கம்பிகள் மூன்றில் இரண்டு, சுண்ணாம்பு ஏறி எரிந்து போயிருந்தன. மாற்றுக் கம்பி சென்னையில் கிடையாது, கப்பலில்தான் வர வேண்டும்.

மாமல்லபுரம் தபாலாபீஸ் போய் மேனேஜருக்குத் தந்தி கொடுத்தேன். முதல் அறிக்கை தவறு, திருத்தி எழுதப் போகிறேன், கம்பி வரவழைக்கவும். அங்கேயே காத்திருந்தேன், மத்தியானத்துக்குள் பதில் வந்தது. அறிக்கையை மாற்றாதே, கையெழுத்து வாங்கி உடனே திரும்பு. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். வேலை போனால் என்ன செய்வது என்று தெரியாது. இருந்தும் திரும்பிப் போகிற எண்ணம் அந்த வழியில் ஒரு தடவைகூட எழவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்சுவரை ஒட்டி, படுக்கைத் துணிகளை அவிக்கும் சலவைக் கொட்டகை. அதில் உயரமான மேடை மேல் சவுக்குக் கட்டை போட்டு எரிக்கும் ஒரு பெரிய வெந்நீர்ப் பாய்லர் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து நானும் ஆஸ்பத்திரிக் குழாய்க்காரரும் சுவரைத் துளைத்து, பாய்லரிலிருந்து மிஷினுக்குக் குழாய் போட்டோம். போகிற வழியில் சூடு இறங்கிவிடாமல் குழாய் முழுக்கக் கயிறைச் சுற்றிக் களிமண் பூசினோம். உயிரோடிருந்த ஒற்றைக் கம்பி மிச்சச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு. முதல் தடவை நூற்று ஐம்பது வந்தது. குழாயில் இரண்டு வளைவை எடுத்துவிட்டு நேராக்கினோம். நூற்று அறுபத்தைந்து. பாய்லரில் கட்டையைக் கூட்டி, அரை மணி முன்னதாகவே எரிக்க ஆரம்பித்தோம். சனிக்கிழமை சாயங்காலம் டம்ளரில் நூற்று எண்பத்திரண்டு. மிஷினிலிருந்து தட்டை எடுத்த குழாய்க்காரர் கீழே போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பளங்களைத் தாண்டிக் கால்வாயைக் கடந்து கோவளத்துக்கு நடந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஞானம்மா என்னைப் பார்த்ததும் கூட வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு நின்றாள்.

நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். நுரை, சுண்ணாம்பு, முள், கம்பி. தப்பு என்னுடையது என்றேன்.

“மின்னாடியெல்லாம் தட்ட எடுத்தா கை பொத்துக்கும்பா. முந்தானையால புட்ச்சிதான் எடுப்போம்” என்றாள். “அப்பால கொஞ்சங் கொஞ்சமா சூடு செத்துப்போச்சி. நான் உன்னாண்ட சொல்லிகினே இருந்தேன். நீ பஸ்ஸுக்குப் போய்க்கினே இருந்தே.”

அவள் நிறுத்தவில்லை.

“எங்க வூட்டு ஆளுங்க இன்னா கேட்டாங்க தெரியுமா? நாத்தனாரு அந்த வார்டுல படுத்துகினு கீது, அது துன்ற தட்டையே நீ ஒழுங்கா கழுவலியான்னு கேட்டாங்க. நான் இன்னா பதில் சொல்றது?”

நாளைக்குக் கமிட்டி முன்னால் அறிக்கையைத் திருத்திக் கொடுக்கிறேன், வேலைக்கு வாருங்கள் என்று கேட்டேன்.

“கமிட்டிக்கு மட்டும் குட்த்தா போதாது. சமையக்கட்டுல அத்தினி பேரு மின்னாடிதான் என்னப் போகச் சொன்னாங்க. அத்தினி பேரு மின்னாடியும் நீ படிக்கணும். இன்னொண்ணு கீது. இனிமே சூடு இல்லன்னா நான் மிஷின நிறுத்துவேன். யாரையும் கேக்க மாட்டேன். அதையும் எழுதிக் குடு.”

இரண்டாவதைக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. எழுதுகிறேன், டாக்டரம்மாவிடம் கையெழுத்துக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சரி, வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

திங்கட்கிழமை கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் சமையல்கட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சமையல்காரர்கள், கழுவுகிற பெண்கள், சலவைக்காரர்கள், ஸ்டோர் கீப்பர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஞானம்மா கடைசியில் தூணோரம் நின்றாள். நான் எழுந்து படித்தேன். ‘முந்தைய அறிக்கை தவறானது. நான் சோதிக்காமல் எழுதினேன். இயக்குபவர் சூடு குறைந்ததைச் சரியாகக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை. அவர் மேல் எந்தக் குறையும் இல்லை.’ இரண்டாவது வரியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். கமிட்டியில் ஒருவர், ஒரு மெக்கானிக் இப்படியெல்லாம் எழுதிக் கொடுப்பது வழக்கமா என்று கேட்டார். டாக்டரம்மா, இனி வழக்கமாகட்டும் என்றார்.

தாளின் கடைசிப் பத்தியில் ஞானம்மாவின் நிபந்தனை இருந்தது. கடைசித் தண்ணீர் நூற்று எண்பதுக்குக் கீழே இறங்கினால் மிஷினை நிறுத்த அவருக்கு முழு உரிமை உண்டு, அதை மீற எவருக்கும் உரிமை இல்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா தாளை வாங்கித் தம் கையெழுத்தை முதலில் போட்டார். அதற்கப்புறம் மற்றவர்களும் போட்டார்கள். ஞானம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தெர்மாமீட்டரில் நூற்று எண்பது வரும் இடத்தில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தேன். பாதரசம் நூலைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அன்று மத்தியானத் தட்டுகளை அவளே மிஷினில் அடுக்கினாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியில் மேனேஜர் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. கம்பிகள் கப்பலில் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை சவுக்குக் கட்டையில்தான் அந்த மிஷின் ஓடியது.

அதன் நடுவே ஐப்பசி மழையில் டாக்டரம்மா எனக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரியைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்த நாள். கட்டையெல்லாம் மழையில் நனைந்து பாய்லர் சரியாக எரியவில்லை. பாதரசம் நூலுக்குக் கீழேயே நின்றதும் ஞானம்மா மிஷினை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் மாற்றுத் தட்டு கிடையாது. ஸ்டோர் கீப்பர் கெஞ்சிப் பார்த்தார். அதிகாரியோடு வந்தவர்கள் அதட்டிப் பார்த்தார்கள். அவள் அண்டாக்களை அடுப்பில் ஏற்றி, தட்டுகளைக் கொதிக்க வைத்து முடிக்கிறவரை ஒரு தட்டைக்கூட வெளியே விடவில்லை.

தமக்கு மட்டும் ஒரு இலை போட்டால் போதாதா, எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டாராம். ஞானம்மா சரி சொல்லாமல் இங்கே இலைகூடப் போட முடியாது என்று டாக்டரம்மா சொன்னாராம். அன்று நோயாளிகளோடு சேர்த்து அதிகாரியும் மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்.